அண்ணையின் படலையில் ஊதிய நாள்

போன குளிர்காலம், நான் வந்து குடியேறிய இந்த வெள்ளைக்கார ஊரில் ஒரு சின்ன மண்டபத்தில் ஊதி முடித்துவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். முப்பது பேர் வந்திருந்தாலே பெரிய காரியம். வானொலியில் இசை நிகழ்ச்சி நடத்துகிற பெண் ஒருத்தி கிட்ட வந்து, நான் ஊதுகிற இந்தக் கட்டற்ற ஜாஸில் யார் யாருடைய பாதிப்பு இருக்கிறது என்று கேட்டாள். எல்லாரும் சொல்லுகிற மூன்று அமெரிக்கப் பெயர்களை நானும் சொன்னேன். அவள் திருப்தியாக எழுதிக்கொண்டு போனாள். பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு என் மேலேயே கோபம் கோபமாக வந்தது. அட கோதாரி, இந்த வயதிலும் உண்மையைச் சொல்ல வெட்கமா? அந்த மூன்று பேரையும் நான் கசற்றில்தான் கேட்டேன். என்னை இப்படி ஊத வைத்தவர் குருநகர்க் கடற்கரையில் கயிறு இழுத்த ஒரு மீனவர். அவர் என் அண்ணை. என் இசை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது.

எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை, அண்ணைதான் எல்லாம். கோயில் பேண்ட் குழுவில் நான் சக்ஸபோன் பழகினேன். பழகிய கையோடு கொழும்புக்குப் போய், ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரர் சாப்பிடும்போது ஊதுகிற வேலையில் சேர்ந்தேன். மெல்லமாக ஊத வேண்டும். கரண்டிச் சத்தத்துக்கு மேலே போனால் மனேச்சர் முறைப்பான். அங்கே வந்து தங்கிய கப்பல் மாலுமி ஒருவன், நான் ஊதுவதைக் கேட்டு இரக்கப்பட்டானோ என்னவோ, போகும்போது ஒரு கசற்றைக் கையில் வைத்துவிட்டுப் போனான்.

போட்டுக் கேட்டேன். முதலில் நாடா சிக்கிவிட்டது என்று நினைத்தேன். பிறகு, இதென்ன விசர்க் கூத்து என்று எரிச்சல் வந்தது. கொஞ்ச நேரத்தில் மயிர்க்கால் எல்லாம் எழுந்து நின்றது. அந்த மனிதன் மெட்டையும் விட்டுவிட்டான், தாளத்தையும் விட்டுவிட்டான். சக்ஸபோனை வைத்துக்கொண்டு அழுதான், கத்தினான், மன்றாடினான். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். தவக்காலத்தில் எங்கள் கோயிலில் பெண்கள் ஆண்டவருடைய பாடுகளைப் பசாம் பாட்டாகப் பாடுவார்கள். வாத்தியம் கிடையாது. ஒவ்வொருத்தியும் தன் தன் மூச்சுக்கு இழுப்பாள். ஒருத்தி முடிக்க மற்றவள் பாதியில் நிற்பாள், இன்னொருத்தி அப்போதுதான் தொடங்குவாள். "எட, இது எங்கடை ஆக்களெல்லோ!" என்று அந்த ஹோட்டல் அறையில் தனியே இருந்து வாய்விட்டுச் சொன்னேன்.

83 ஆடியில் கொழும்பு எரிந்தது. அகதிகளை ஏற்றிய கப்பலில் நானும் வடக்கே வந்து சேர்ந்தேன். கையில் சக்ஸபோன் பெட்டியும் அந்தக் கசற்றும். உடம்பில் போட்டிருந்த உடுப்பு. அண்ணை அந்த வருடம்தான் பருத்தித்துறைப் பக்கத்துப் பெண் ஒருத்தியைக் கலியாணம் முடித்துக் குருநகருக்குக் கூட்டிவந்திருந்தார். புது அண்ணி என்னை முதன்முதலாகக் கண்டது அந்தக் கோலத்தில். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாறம் ஒண்டு எடுக்க நேரமில்லை, உந்தக் குழாயைத் தூக்க மட்டும் நேரம் இருந்ததோ?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு அண்ணையின் சாறத்தைக் கொண்டுவந்து தந்தார். அண்ணியை எனக்கு அந்த நிமிடத்திலிருந்தே பிடித்துக்கொண்டது.

சாப்பிட்டுவிட்டுக் கசற்றைப் போட்டேன். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்ட அண்ணை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உதென்னடா, பண்டியைக் கட்டி இழுக்கிற சத்தம்?"

"இதுதான் அண்ணை இப்ப உலகத்திலை பெரிய சங்கீதம்."

"அப்ப உலகத்திலை பண்டி கூடிப்போச்சு" என்றார், போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் சக்ஸபோன் பன்றியாகிவிட்டது, என் இசைக்குப் பண்டிச் சத்தம் என்றுதான் பெயர்.

பகிடி என்னவென்றால், அந்தப் பண்டிச் சத்தத்தின் பாதி அண்ணையிடம்தான் இருந்தது. கடலிலிருந்து வந்த வள்ளத்தைக் கரையில் ஏற்றுவதற்குப் பத்துப் பன்னிரண்டு பேர் கயிறு பிடிப்பார்கள். அப்போது பாடுகிற பாட்டுக்கு அம்பா என்று பெயர். முன்னே நிற்கிறவர் ஒரு அடியை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் பதில் குரல் கொடுத்துக்கொண்டு இழுப்பார்கள். எங்கள் கரையில் எடுத்துக் கொடுக்கிறவர் அண்ணை. தாளம் என்று ஒன்றும் கிடையாது. ஆட்கள் களைத்திருந்தால் தன் அடியை நீட்டிக்கொண்டே போவார், அவர்களுக்கு மூச்சுத் திரும்புகிற வரைக்கும் விடமாட்டார். தெம்பாக நின்றால் வெட்டி வெட்டிக் கொடுப்பார். வள்ளம் மேட்டில் ஏறியதும் கடைசியாக ஒரு நீட்டு நீட்டி, சட்டென்று வாயை மூடுவார். எல்லாரும் ஒரே நேரத்தில் கயிற்றைப் போட்டுவிடுவார்கள். அந்த முடிவு இருக்கிறதே, அதை நான் எத்தனை தரம் கேட்டிருக்கிறேன்! ஒரே ஒருநாளைத் தவிர எனக்கு அப்படி முடிக்க வந்ததில்லை. இன்றைக்கும் வராது. என் கச்சேரிக்கு வருகிறவர்கள் எப்போது கைதட்டுவது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

என் மேடைகளைப் பற்றிச் சொன்னால் வெட்கக்கேடு. ஊருக்கு வந்த அடுத்த வருடம் ஒரு கலியாண வீட்டில் சினிமாப் பாட்டுக் குழுவோடு ஊதினேன். மாப்பிள்ளை பொம்பிளை உள்ளே வருகிறார்கள், நான் ஊதிய பாட்டு எங்கேயோ வழிதவறிப் போய் அம்பாவுக்குள் விழுந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்துக்கொண்டிருக்கிறேன். பொம்பிளையின் தகப்பன் மேடைக்கு ஏறி, என் தோளைப் பிடித்து, "தம்பி, இது நல்ல காரியம்" என்றார். அவ்வளவுதான். பின்கதவால் அனுப்பிவிட்டார்கள், சாப்பாடும் இல்லை.

பிறகு கோப்பாயில் ஒரு தவில்காரர் அகப்பட்டார். சைவக்காரர், கோயில் திருவிழாக்களில் வாசிக்கிறவர், என்னைவிடக் கொழுப்பு. "நீ எங்கை வேணுமெண்டாலும் போ, நான் பின்னாலை வாறன்" என்பார். சைக்கிளில் தவிலைக் கட்டிக்கொண்டு குருநகருக்கு வருவார், நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோப்பாய்க்குப் போவேன். தோட்டத்துக் கிணற்றடியில் இருந்து வாசித்திருக்கிறோம். ஒருமுறை அங்கே வாசிகசாலையில் கச்சேரி வைத்தோம். பதினொரு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் மழை விடட்டும் என்று ஒதுங்கினவர்கள். கடைசி வரிசை வாங்கில் அண்ணை இருந்தார்! குருநகரிலிருந்து அவ்வளவு தூரம் மழையில் சைக்கிள் மிதித்து வந்திருந்தார். எனக்குச் சந்தோஷப் புளுகம் தாங்க முடியவில்லை. என் மூச்சில் இருந்ததெல்லாம் ஊதினேன். பாதியில் நிமிர்ந்து பார்த்தால் வாங்கு வெறுமையாக இருந்தது.

அந்தக் கோபத்தில் ஒரு கிழமை அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. பிறகு அவரே, நான் தனியாக அறை எடுத்திருந்த சின்ன ஒழுங்கைக்கு வந்தார். கையில் ஒரு கோர்வை மீன்.

"ஏன் எழும்பிப் போனனீங்கள்?"

"ஏலாமல் போச்சடா. நீ இழுக்கிறாய், இழுக்கிறாய், கயிறு பிடிக்கிறவனுக்கு மூச்சு விடுறாயில்லை. நெஞ்சை அடைச்சுக்கொண்டு வந்திட்டுது."

உலகத்தில் யார் யாரோ என் வாசிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு சரியாக ஒருவரும் சொன்னதில்லை. அப்போது எனக்கு அது விளங்கவில்லை. "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லி மீனைத் திருப்பி நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

ஆனால் கோயில் பெருநாள் அன்றைக்கு மட்டும் கதை வேறு. பூசை முடிந்து சாப்பிட்டு, கொஞ்சம் கள்ளும் உள்ளே போனதும் அண்ணை தன் வீட்டு வெளிவாசல் படலையடியில் கதிரையைப் போட்டு உட்காருவார். "எங்கையடா அவன், கூப்பிடுங்கோ. ஊதடா உன்ரை பண்டிச் சத்தத்தை!" என்று தெருவுக்கே கேட்கக் கூப்பிடுவார். நான் ஊதுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கையால் கயிறு இழுக்கிற மாதிரிக் காட்டுவார். அண்ணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பார். வருடத்தில் ஒருநாள். என் வாழ்க்கையில் என்னைக் கேட்டு ஊத வைத்த ஒரே ஒரு ரசிகர் அவர்தான்.

செத்த வீட்டுக்குப் பேண்ட் போவது எங்கள் பகுதியின் வழக்கம். குழு படலைக்கு வெளியே வீட்டைப் பார்த்து நிற்கும். செத்த செய்தி வந்ததும் அங்கே நின்று ஒருதரம் ஊதும்; பிறகு சவப்பெட்டியை வெளியே தூக்குகிறபோது தொடங்கினால் சவக்காலை வரைக்கும் ஊத வேண்டும். அந்தச் சத்தம் கேட்டவுடன் அயலில் இருக்கிறவர்கள் கோப்பிக் கேத்திலை அடுப்பில் வைத்துவிடுவார்கள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. கோப்பியும் சாப்பாடும் அயலிலிருந்துதான் போகும். கோயில் மணி அடிக்கிறவரும் பேண்ட் சத்தம் கேட்டுத்தான் துக்க மணிக் கயிற்றைப் பிடிப்பார். யாரும் யாருக்கும் ஆள் அனுப்பிச் சொல்லத் தேவையில்லை.

நான் வந்தபோது குழுவில் ஒன்பது பேர் இருந்தோம். சண்டை தொடங்கியது. ட்ரம்பெட் கனடாவுக்குப் போனது. பெரிய மேளம் ஜேர்மனிக்குப் போனது. இரண்டு பேர் செத்தார்கள். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கிற காலம் அதல்ல. 90க்குப் பிறகு மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெய் கிடைத்தால் பாக்கியம், குழுவில் மிச்சம் நான் ஒருவன். செத்த வீட்டுக்கு நான் மட்டும் தனியே போய் ஊதுவேன். நாதஸ்வரத்துக்குச் சீவாளி மாதிரி, சக்ஸபோனுக்கு வாய் வைக்கிற இடத்தில் றீட் என்று ஒரு மெல்லிய தகடு வேண்டும். கொழும்பிலிருந்து ஒன்றும் வராத நாட்களில் றீட் மட்டும் பறந்து வருமா? நான் மூங்கிலைப் பிளந்து, உடைந்த போத்தல் ஓட்டால் சுரண்டுவேன், பத்துச் சுரண்டினால் ஒன்று தேறும். அதைப் பழுதாக்கப் பயந்து வீட்டில் ஊதிப் பழகுவதையே விட்டுவிட்டேன். செத்த வீடு என்றால் மட்டும் பெட்டியைத் திறப்பேன்.

இதை நன்றாக ஞாபகம் வையுங்கள். எங்கள் தெருவில் சக்ஸபோன் கேட்டால் யாரோ செத்துவிட்டார்கள். வேறு அர்த்தம் அந்தச் சத்தத்துக்கு இல்லாமல் போய்விட்டது. ஊதுகிற எனக்கு மட்டும் அது தெரியவில்லை.

91இல் ஒரு பின்னேரம் அண்ணை கடலுக்குப் போனார். போகக் கூடாது என்று கடற்படையின் தடை இருந்தது, போகாவிட்டால் சாப்பாடு இல்லை. மகளுக்கு அப்போது மூன்று வயது. படலை வரைக்கும் ஓடி வந்தாள். "நண்டு கொண்டு வாறன்" என்று சொல்லிப் போனார். அடுத்த நாள் விடிய வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. கடலில் வெடிச் சத்தம் கேட்டது என்றார்கள் சிலர். ஆட்களைப் பிடித்து எங்கேயோ அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றார்கள் வேறு சிலர். வள்ளமும் வரவில்லை, பலகைத் துண்டும் வரவில்லை, உடலும் வரவில்லை.

அண்ணி இரண்டாவது கதையைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டார் என்றால் அப்படி ஒரு பிடி. அண்ணையின் சாறங்களைக் கிழமைக்கு ஒருதரம் தோய்த்துக் காயப் போடுவார். விடியப் பூசைக்குப் போகும்போது கதவைப் பூட்டி, திறப்பு என்று நாங்கள் சொல்லுகிற சாவியைக் கிணற்றுக்கட்டில் இருக்கிற ஓட்டைக்குள் வைத்து, கல்லால் மூடுவார். அது அவர்களுடைய பழைய ஏற்பாடு. அண்ணை கடலால் வருகிற நேரம் அண்ணி கோயிலில் இருப்பார், அண்ணை அந்தக் கல்லை நகர்த்தித் திறப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுப்பார். அவர் வராமல் போன பிறகும் ஒருநாள் தவறாமல் திறப்பு அங்கேதான் இருந்தது. பங்குச் சாமியார் ஒருநாள் அண்ணியிடம் மெல்ல, "மகள், ஆன்ம இளைப்பாற்றிக்கு ஒரு பூசை வைப்பமோ?" என்று கேட்டார். "உயிரோடை இருக்கிற மனிசனுக்கோ சுவாமி?" என்று கேட்டுவிட்டு அண்ணி எழுந்து வந்துவிட்டார். உடல் இல்லாமல் மணி இல்லை, பேண்ட் இல்லை, கறுப்புச் சேலை இல்லை. எங்கள் பகுதியில் அதுதான் முறை. அந்த முறை அண்ணிக்கு உதவியாக இருந்தது.

எனக்கோ, ஊரில் இருக்கிற அத்தனை சாவுக்கும் ஊதிவிட்டு வந்து, என் சொந்த அண்ணைக்கு அழவும் முடியாமல் நெஞ்சு கல்லாகக் கிடந்தது. அவர் செத்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

92இல் கோயில் பெருநாள் வந்தது. கொடி இல்லை, சோடனை இல்லை, பூசை மட்டும். சாப்பிட்டுவிட்டு என் அறையில் கிடந்தேன். இந்நேரம் அண்ணை கதிரையைப் போட்டுக் கூப்பிட்டிருப்பார் என்ற நினைப்பு வந்தது. அந்தக் கிழமைதான் ஒரு றீட் அருமையாகத் தேறியிருந்தது. எழுந்தேன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணை வீட்டுக்குப் போனேன். சத்தியமாகச் சொல்லுகிறேன், அண்ணியைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்றுதான் போனேன். பண்டிச் சத்தத்தைக் கேட்டால் சிரிப்பார், இரண்டு பேருமாக அவரைப் பற்றிக் கதைத்துக்கொண்டு இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். வேறு ஒரு எண்ணமும் இல்லை.

வழக்கமாக ஊதுகிற இடத்தில், படலைக்கு வெளியே, வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணை மூடினேன். அண்ணை எடுத்துக் கொடுக்கிற அம்பாவின் முதல் அடியை எடுத்தேன்.

என்னுடைய வாழ்க்கையில் நல்ல கச்சேரி எது என்று அந்த வானொலிப் பெண் கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு எல்லாம் வந்தது. நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டினேன், மூச்சு விட வேண்டிய இடத்தில் விட்டேன். கயிறு பிடித்து நிற்கிற ஆட்கள் எனக்குத் தெரிந்தார்கள். அண்ணையின் குரல் எனக்கு முன்னால் நின்றது. வாசிகசாலைக் கச்சேரியைப் பற்றி அவர் சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பசாம் பாடுகிற பெண்களும் உள்ளே வந்தார்கள். நிஜமாகவே பெண்கள் அழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. என் இசைக்குள் கேட்கிறது என்று நினைத்து இன்னும் இழுத்தேன், விசரன்.

கோயில் மணி அடிக்கத் தொடங்கியபோதுதான் கண்ணைத் திறந்தேன். ஒன்று, இடைவெளி, ஒன்று. துக்க மணி.

தெரு நிறைய ஆட்கள். பக்கத்து வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். யாரோ வாங்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டார்கள். "செய்தி வந்திட்டுதாம், கடைசியா வந்திட்டுதாம்" என்று ஒருவர் மற்றவருக்குச் சொன்னார். எதிர்வீட்டு அக்கா தலைமயிரை அவிழ்த்துவிட்டு, அண்ணியைக் கட்டிப்பிடித்து, "ஐயோ, போயிட்டாரோ, உன்னை விட்டிட்டுப் போயிட்டாரோ!" என்று குழறிக்கொண்டிருந்தார். இன்னொருவர் கேத்திலில் கோப்பியோடு படலைக்குள் நுழைந்தார். எல்லாரும் தங்கள் தங்கள் கடமையைச் சரியாகச் செய்தார்கள். ஒருவரிலும் பிழை இல்லை.

அண்ணி அந்தப் பிடிக்குள் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். அழவில்லை. என் கை இன்னும் சக்ஸபோனின் சாவிகளில் இருந்தது, பாட்டு இன்னும் முடியவில்லை.

"நிப்பாட்டு" என்றார்.

நிறுத்தினேன். "அண்ணி, நான் உதுக்கில்லை... பெருநாளெண்டு..."

"நீ ஊதிப்போட்டாய்" என்றார். குரல் எழும்பவே இல்லை. "அவரின்ரை சொந்தத் தம்பி, அவரின்ரை படலையிலை நிண்டு ஊதிப்போட்டாய். இனி அவர் என்னெண்டு வருவார்?"

சக்ஸபோனைக் கழுத்திலிருந்து கழற்றினேன். 

அண்ணி எதிர்வீட்டு அக்காவின் கையை விலக்கினார். கோப்பிக் கேத்திலை வாங்கி, முற்றத்து மணலில் முழுவதையும் ஊற்றினார். பிறகு குசினிக்குள் போனார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, அடுப்பில் விறகை வைத்து ஊதி ஊதி மூட்டினார். மழைக்கு நனைந்த விறகு, பற்ற மாட்டேன் என்றது. புகை கிளம்பி வீடு முழுவதும் பரவியது. கண்ணெல்லாம் சிவந்து தண்ணீர் வடிய வடிய ஊதினார். பற்றியதும் உலையை வைத்து அரிசியைக் கழுவிப் போட்டார். அடுப்பு எரிகிற வீடு செத்த வீடு இல்லை. ஆட்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு கலைந்து போனார்கள். வாங்கைக் கொண்டுவந்தவர் அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அண்ணி என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நான் அரிசியோ பாணோ கொண்டுபோய்ப் படலையில் வைப்பேன். மகள் வந்து, "சித்தப்பா" என்று சிரித்து எடுத்துக்கொண்டு போவாள். அண்ணி உள்ளே இருப்பது தெரியும், வெளியே வர மாட்டார். திறப்பை இன்னும் கிணற்றுக்கட்டில் வைக்கிறாரா என்று மகளிடம் கேட்டேன். "நீங்கள் ஊதின நாளிலை இருந்து வைக்கிறேல்லை சித்தப்பா. கையோடை கொண்டு போறா" என்றாள். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். அவரிடம் இருந்த ஒரே நம்பிக்கையையும் நான் ஊதி அணைத்துவிட்டேன்.

சக்ஸபோனை நான் தொடவில்லை. செத்த வீடுகளுக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. "பெரிய ஆளாகிவிட்டான்" என்று ஏசினார்கள். ஏசட்டும். சவப்பெட்டிகள் சத்தமில்லாமல் சவக்காலைக்குப் போயின. கோப்பாய்த் தவில்காரர் ஒருநாள் வந்து, வா, கிணற்றடியில் இருந்து வாசிப்போம் என்று கெஞ்சிப் பார்த்தார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

95இல் ஐப்பசி மழையோடு அந்த நாள் வந்தது. ஆமி கிட்ட வந்துவிட்டது, எல்லாரும் ஊரைவிட்டு வெளிக்கிட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். ஊர் முழுவதும் எழுந்து நாவற்குழிப் பாலத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. நான் ஓடிப்போய் அண்ணையின் படலையைத் திறந்தேன். மூன்று வருடத்துக்குப் பிறகு உள்ளே கால் வைத்தேன். மகள் ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள், பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாதிரி. அண்ணி அடுப்படியில் குந்தியிருந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணி, வெளிக்கிடுங்கோ. தெருவிலை ஒருத்தருமில்லை."

அண்ணி அடுப்புக்குள் இன்னொரு விறகைத் தள்ளினார்.

"பிள்ளையையாவது பாருங்கோ அண்ணி. உங்களுக்குக் கும்பிட்டுச் சொல்லுறன்."

அப்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். மூன்று வருடத்தில் எவ்வளவு வயது போயிருந்தது!

"பெட்டி எங்கை?" என்று கேட்டார்.

"என்ன பெட்டி?"

"உன்ரை குழாய்ப் பெட்டி."

"அறையிலை கிடக்கு."

"போய் எடுத்துக்கொண்டு வா. அண்டைக்கு அரைவாசியிலை நிப்பாட்டினது. முடிச்சு விடு. அவரை இப்பிடி அரைவாசியிலை விட்டிட்டு நான் எங்கையும் வர மாட்டன்."

கொண்டுவந்தேன். மூன்று வருடம் திறக்காத பெட்டி. மூங்கில் றீட் காய்ந்து நுனியில் வெடித்திருந்தது. வேறு றீட் இல்லை. அதையே வாயில் வைத்து எச்சிலில் நனைத்துக் கட்டினேன். படலைக்கு வெளியே போய் வீட்டைப் பார்த்து நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அண்ணி வாசலில் வந்து நின்றார். இந்த முறை நான் கண்ணை மூடவில்லை.

ஊதினேன். சத்தம் வரவில்லை. வெடித்த றீட்டுக்குள்ளால் காற்றுத்தான் போனது. மறுபடி இழுத்தேன். கீச்சென்று ஒன்று எழும்பி அறுந்தது. பிறகும் காற்று.

"சித்தப்பா, சத்தம் வருகுதில்லை" என்றாள் பிள்ளை.

"பேசாமல் இரு" என்றார் அண்ணி. "வருகுது."

நான் விடவில்லை. விரல்கள் அம்பாவின் அடிகளில் தாமாகப் போயின. மூச்சுத்தான் பாட்டு. அண்ணையின் கடைசி நீட்டை எடுத்தேன். என் நெஞ்சில் இருந்த காற்றெல்லாம் முடிகிற மட்டும் நீட்டினேன், பிறகு வாயை மூடினேன். அப்படி ஒரு முடிவு எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. மணி அடிக்கவில்லை. ஒரு படலையும் திறக்கவில்லை, ஒருவரும் கோப்பி கொண்டுவரவில்லை. கேட்கிறதற்கு அந்தத் தெருவில் ஆள் இல்லை.

"காணும், இனிப் போதும்" என்றார் அண்ணி.

உள்ளே போனார். குடத்துத் தண்ணீரை எடுத்து எரிகிற அடுப்பில் ஊற்றினார். புகையும் சாம்பலுமாகக் கிளம்பியது. அது அடங்கும் வரை நின்று பார்த்தார். மார்பில் கிடந்த தாலியைச் சேலைக்குள் தள்ளி மறைத்துக்கொண்டு வெளியே வந்து கதவைப் பூட்டினார். பூட்டை இரண்டுதரம் இழுத்துப் பார்த்தார்.

நான் பெட்டியை மூடி எழும்பினேன். போவோம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அண்ணி என்னைப் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போனார். குனிந்து கல்லை நகர்த்தினார், திறப்பை அந்த ஓட்டைக்குள் வைத்தார், கல்லைத் திரும்ப மூடி அதன் மேல் ஒருதரம் கையை வைத்து அழுத்தினார்.

நான் பார்க்காத மாதிரித் திரும்பி, பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினேன்.